63 இலையும் ஒரு மீட்டர் சிவப்புத் துணியும்

மூன்று மாதம் உட்கார்ந்து தைத்த போர்வையை ஒரே ராத்திரியில் பாழாக்கியது ஒரு மீட்டர் சிவப்புப் பாப்ளின் துணி. விலை 120 ரூபாய். ஓசூர் கடைவீதியில் வாங்கினேன். "சாயம் போகுமாங்க?" என்று இரண்டு தடவை கேட்டேன். "கேரண்டிம்மா, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். நானும் தைரியமாக எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அதிலிருந்து ஒரு விரல் அகலத் துண்டை வெட்டி, ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

என் பேத்தியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அவள் படுத்திருக்கும் இலைப் போர்வையைத் தடவிப் பார்க்கிறார்கள். எப்படி வெட்டினீர்கள், எப்படி மடித்துத் தைத்தீர்கள், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்கிறார்கள். தைப்பதற்கு முன்னால் துணியை என்ன செய்தீர்கள் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

வெளிநாட்டுக்காரர்கள் இலைப் போர்வை தைப்பது அவர்களுடைய அக்டோபர் மாதத்தைப் பார்த்து. நமக்கு அக்டோபர் என்றால் ஐப்பசி மழை. மரமெல்லாம் பச்சைப் பசேல் என்று நிற்கும். நம்மூரில் இலை கொட்டுவது பனி விலகுகிறபோது. ஆறு பருவக் கணக்கில் பின்பனி என்று சொல்கிற மாசி, பங்குனி. புங்கமும் அரசும் அப்போதுதான் மொட்டையாகும். பாதாம் மரம் மட்டும் யாருக்கும் காத்திருக்காது. மார்கழி பிறந்ததும் ஒவ்வொரு இலையாகச் சிவக்க ஆரம்பித்துவிடும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழிக் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் மப்ளரும் குரங்குக் குல்லாயுமாகத்தான் நிற்பார்கள். அந்தப் பனியில் நனைந்து சிமெண்ட் தரையில் ஒட்டிக் கிடக்கும் பாதாம் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். நடு நரம்பை ஒட்டிப் பச்சை, அதற்கடுத்து மஞ்சள், ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. பச்சையம் சிதையச் சிதைய, அடியில் மறைந்திருந்த மஞ்சள் மேலே தெரிகிறது; சிவப்பு அப்போது இலையில் புதிதாக ஊறுவது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இந்தச் சருகைத் தேடி வாங்குவார்கள். ஊறவிட்டால் தண்ணீர் டீ நிறமாகிவிடும். நாலு நாள் பெருக்காமல் விட்டால் இலை போன பிறகும் அதன் பழுப்புத் தடம் தரையில் அச்சாக இருக்கும். இந்தத் தடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என் வீட்டுக்காரருக்கு வாரம் ஒரு ஷிப்ட் மாறும். 'ஏ' ஷிப்ட் வாரத்தில் நாலரை மணிக்கு எழுந்து சமைத்து அனுப்பிவிட்டால், பொழுது விடிவதற்குள் வாசல் பெருக்கி முடிந்துவிடும். போன மார்கழிக்கு முந்தைய மார்கழி அது. பெருக்கிக் குவித்த இலைகளில் நல்லதாக ஏழெட்டைப் பொறுக்கி, பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்தேன். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிற மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். வைகாசியில் பிரசவம் இருக்கும் என்று கணக்குப் போட்டோம். குழந்தைக்குக் கடையில் எதுவும் வாங்கக் கூடாது, என் கையால் தைத்த போர்வையில்தான் படுக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தாயும் பிள்ளையும் சேர்ந்து படுக்கிற அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

என் நாத்தனார், வீட்டுக்காரருக்குத் தங்கை, அதைக் கேட்டதும் சொன்னது: "எதுக்கு அண்ணி கண்ணைக் கெடுத்துக்கிறீங்க? ஆன்லைன்ல எழுநூறு ரூபாய்க்கு வருது." எழுநூறு ரூபாய்க்கு வருகிறது, உண்மைதான். அதில் என் அம்மாவின் சேலை இருக்காது, என் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போன பச்சைப் பாவாடை இருக்காது. இதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன்.

எதிர்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். தார்வாட் பக்கம். கணவர் இங்கே ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்துதான் ஓடும்; ஒரு வாக்கியம் ஒரு மொழியில் ஆரம்பித்து இன்னொன்றில் முடியும். அந்த அக்காவின் ஊரில் பழந்துணி ஒட்டித் தைக்கிற போர்வைக்குக் 'கௌதி' என்று பெயர். வீடு வீடாக வந்து, திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக்காரர்கள் போடுகிற பழஞ்சேலைகளை அடுக்கிக் கௌதி தைத்துக் கொடுக்கிற பெண்கள் அங்கே உண்டாம். அவர் வீட்டுக் கௌதியைக் கொண்டுவந்து காட்டினார். ஐந்து அடுக்குச் சேலை, அரிசிமணி அளவில் வரிவரியாக ஓட்டுத் தையல். எத்தனையோ தடவை துவைத்தும் ஒரு நூல் விலகவில்லை, ஒரு நிறம் இன்னொன்றில் ஏறவில்லை. நான் என் திட்டத்தைச் சொன்னதும் அவர் முதலில் சொன்ன சொல்: "ஹொஸ அரிவி ப்யாட்ரி." புதுத்துணி வேண்டாம் என்று அர்த்தம்.

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இல்லாதவர்கள் பழையதை வைத்துச் சமாளிக்கிறார்கள், அதையே வழக்கமாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். நான் செய்த தப்புகளிலேயே பெரியது இந்த நினைப்புத்தான். துணியை ஊற வைக்காதது அதிலிருந்து பிறந்தது.

புதுச் சிவப்பின் மேல் எனக்கு ஆசை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மார்ச் வாக்கில் நடக்கும் எங்கள் ஊர்ச் சந்திரசூடேஸ்வரர் கோயில் தேருக்கு நாங்கள் வருஷா வருஷம் போவோம். தேரில் தொங்குகிற சீலையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். வெள்ளையில் சிவப்பு, சிவப்பில் மஞ்சள் என்று ஒட்டித் தைத்த துணிகள், குழல்போலத் தொங்கும் தொம்பைகள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பரம்பரையாகச் செய்கிற வேலை அது. வெயிலில் அந்தச் சிவப்பு கண்ணைப் பறிக்கும். என் பாதாம் இலைக்கு அந்தச் சிவப்புத்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஆனால் தேர்ச்சீலையை யாரும் குழந்தை மூத்திரம் போனதென்று பக்கெட்டில் ஊற வைப்பதில்லை. பார்வைக்கென்று தைக்கிற துணிக்குப் புதுத்துணியும் பளிச்சென்ற சாயமும் பொருந்தும். வாராவாரம் தண்ணீரில் விழப் போகிற போர்வையின் கதை வேறு. இது எனக்குப் புரிய மூன்று மாத உழைப்பு போக வேண்டியிருந்தது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 9 அங்குலச் சதுரம், அகலத்துக்கு 7, நீளத்துக்கு 9. ஆக 63 சதுரம், சதுரத்துக்கு ஒரு இலை. முடிந்ததும் ஐந்தேகால் அடிக்கு ஆறேமுக்கால் அடி வரும். அடிச் சதுரங்களுக்கு வெள்ளைப் பாப்ளின் நாலரை மீட்டர் போதும். பின்பக்கத்துக்கு ஒரு பருத்திச் சேலை, உள்ளே வைக்க இரண்டு. பாதியாக வெட்டி அகலவாக்கில் இணைத்தால் ஒரு சேலை ஒரு அடுக்குக்குச் சரியாக இருக்கும். இலவம் பஞ்சு வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். நாலு துவையலில் ஒரு மூலையில் போய்ச் சுருண்டுகொள்ளும். எங்கள் தெருக்கோடி வாடகை வீட்டில் இருக்கிற வங்காளத்துப் பெண் சொன்னாள், அவர்கள் ஊர்க் காந்தாவிலும் உள்ளே சேலைதான். தைக்கிற நூலைக்கூடப் பழஞ்சேலைக் கரையிலிருந்துதான் உருவி எடுப்பார்களாம்.

இலை வடிவத்துக்கு அச்சு தேடி அலைய வேண்டாம். உங்கள் வீட்டு வாசலிலோ எதிர்ச் சாரியிலோ ஒரு பாதாம் மரம் கட்டாயம் இருக்கும். காய்ந்து சுருளாத இலையைக் கல்யாணப் பத்திரிகை அட்டையின் மேல் வைத்து வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் ஒரு கட்டுப் பத்திரிகை அலமாரியில் கிடக்கும். இதற்கு அந்த அட்டையைப் போல வேறொன்று வராது. துணியை அட்டையைவிடக் கால் அங்குலம் பெரிதாக வெட்டி, ஓரத்தில் சாதம் வடித்த கஞ்சியை விரலால் தொட்டுத் தடவி, அட்டையின் மேல் மடித்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் இலை இலையாகவே நிற்கும். அட்டையை உருவிவிட்டுச் சதுரத்தில் வைத்து எம்மிங் தையல் போட வேண்டியதுதான். பாதாம் இலை காம்புப் பக்கம் ஒடுங்கி நுனிப் பக்கம் விரிந்திருக்கும், கைக்கு வாகானது. மாவிலை இன்னும் சுலபம், முதன்முதலில் தைக்கிறவர்கள் அதில் தொடங்கலாம். பூவரச இலைக்கு மேல் பள்ளத்தில் மட்டும் சின்னதாக ஒரு வெட்டு கொடுக்க வேண்டும். அரசிலையின் வால் இருக்கிறதே, அதை மட்டும் ஆரம்பத்தில் தொடாதீர்கள். நான் ஆசைப்பட்டு நாலு தைத்தேன். நாலிலும் வால் பிசிறடித்தது.

ஒட்டுப்பசை வைத்து ஒட்டிவிட்டு மேலே மிஷின் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாளில் வேலை முடியும் என்பார்கள். குழந்தையின் கன்னம் படுகிற இடத்தில் பசை விறைத்து நிற்கும், எனக்கு ஒப்பவில்லை. சதுரங்களை இணைக்க மட்டும் என் பழைய உஷா மிஷினில் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் கைதான்.

பச்சைக்கு மகளின் பள்ளிப் பாவாடை. பழுப்புக்கு வீட்டுக்காரரின் பழைய காக்கிச் சட்டை. மஞ்சளுக்கு அம்மாவின் சேலை. 40 இலை இப்படி வீட்டுத் துணியிலேயே வந்தது. மீதி 23 இலைக்குச் சிவப்பு, கடையில் வாங்கிய அந்த ஒரு மீட்டர்.

தை மாதம் முழுக்க அந்த இலைகளோடுதான் போயிற்று. அவரைக்காய்ப் பருவம் அது. எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் பிதுக்கம்பருப்புக் குழம்பும் ராகிக் களியும். அவரைக்கொட்டையை முதல்நாள் ராத்திரியே தண்ணீரில் ஊற வைத்துவிடுவேன். மறுநாள் தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டு, அதே கையைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுப்பேன். தோல் கழன்று வர எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று எனக்கு அத்துபடி. துணியும் அப்படி ஊறித் தன்னிடமிருப்பதைக் கழற்றிவிட வேண்டும் என்பது அந்த ஒரு மாதத்தில் ஒரு நாள்கூட எனக்கு உறைக்கவில்லை.

மாசியில் நாலு அடுக்கையும் சேர்த்து ஓட்டுத் தையல் போட்டு முடித்தேன். மகளுக்கு வளைகாப்பு. அதற்கு நாலு நாள் முன்னால், ஒரு தடவை அலசிவிட்டால் கஞ்சியும் கைப்பட்ட அழுக்கும் போய்ப் பளிச்சென்று இருக்கும், அவளை உட்கார வைக்கிற நாற்காலியில் விரிக்கலாம் என்று நினைத்தேன். இருபது லிட்டர் பக்கெட்டில் பச்சைத் தண்ணீரில் சோப்புப் பவுடர் கரைத்து, போர்வையை நாலாக மடித்து, அழுத்தி உள்ளே வைத்தேன். வீட்டுக்காரருக்கு அன்றைக்கு 'சி' ஷிப்ட். அவரை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பக்கெட்டில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர். வெளியே எடுத்து விரித்தேன். 23 சிவப்பு இலையும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் வெள்ளையில் ரோஸ் வளையம். மடித்து வைத்ததில் எந்தச் சிவப்பு இலை எந்த வெள்ளைச் சதுரத்தின் மேல் படுத்திருந்ததோ, அங்கே அந்த இலை கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பிப் பதிந்திருந்தது. காம்பு, வளைவு, நுனி எல்லாம் அச்சாக. வாசல் சிமெண்டில் பாதாம் இலை விட்டுப்போகிற தடம் மாதிரியே. அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பால்காரர் கூப்பிட்டது கேட்கவில்லை.

இதற்குமேல் நான் செய்தவைதான் இன்னும் மோசம். நாத்தனார் போனில் கிடைத்தாள். "கல்லுப்பும் வினிகரும் போட்டு ஊற வைங்க அண்ணி, சாயம் நின்னுடும்" என்றாள். இரண்டு கை உப்பும் அரை பாட்டில் வினிகரும் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரோஸ் இன்னும் அழுத்தமாகியிருந்தது. எரிச்சலில் பிழிந்து, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் காயப்போட்டேன். வெயில் வெளுக்கும் என்று ஒரு எண்ணம். காய்ந்து எடுத்தபோது ரோஸ் துணியோடு துணியாகிவிட்டது.

வளைகாப்பன்று போர்வையை விரிக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆனால் விஷயம் தெரிந்த ஒருத்தி இருந்தாளே. வளையல் போட்டு முடித்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, சம்பந்தி வீட்டுப் பெண்கள் நாலு பேர் முன்னால், "அண்ணி மூணு மாசமா ஒரு போர்வை தெச்சாங்க, கறை ஏறிடுச்சு, முதல் குழந்தைக்கு எப்படி அதைப் போடறது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டு போனேன்.

பதிலை எனக்குக் கொடுத்தவன் என் தம்பி. திருப்பூரில் சாயப்பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவன். வளைகாப்புக்கு வந்தவனிடம் பீரோவைத் திறந்து காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "சோப்பிங் சரியா குடுக்காத துணிக்கா இது" என்றான். அப்புறம் உட்கார்ந்து விளக்கினான். பருத்திக்குப் போடுகிற சாயத்தில் ஒரு பங்கு நூலோடு பிணைந்துகொள்ளும், அது போகாது. இன்னொரு பங்கு பிணையாமல் நூலின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். சாயம் போட்ட பிறகு கொதிக்கிற சூட்டில் சோப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி அந்த இரண்டாவது பங்கை வெளியேற்ற வேண்டும். பட்டறைப் பேச்சில் அதற்குத்தான் சோப்பிங் என்று பெயர். நிறையத் தண்ணீர் வேண்டும், நிறைய எரிபொருள் வேண்டும், அந்தச் சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கவும் செலவாகும். நொய்யல் ஆறு கெட்டது இப்படி வெளியேறின தண்ணீரால்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதனால்தான். அந்த அலசலைப் பட்டறையில் பாதியில் நிறுத்தினால், மீதி அலசல் வாங்குகிறவர் வீட்டுப் பக்கெட்டில் நடக்கும்.

"உப்பு போட்டேன்டா" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டான். சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுவதே சாயத்தைத் துணிக்குள் தள்ளுவதற்குத்தானாம். பக்கெட்டில் மிதந்துகொண்டிருந்த சிவப்பை நானே உப்புப் போட்டு வெள்ளைக்குள் ஏற்றியிருக்கிறேன். வினிகர் பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற ஒருவகைச் சாயத்துக்கு உதவும், பருத்திக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்றான். இப்போதும் யாராவது உப்பு போடச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். எந்த வீட்டு நாத்தனார் சொன்னாலும் சரி.

அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா சொன்னது எனக்கு விளங்கியது. பழஞ்சேலை நூறு தடவை துவைத்தது. போக வேண்டிய சாயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. சுருங்க வேண்டியதும் சுருங்கி முடிந்துவிட்டது. கௌதி, காந்தா எல்லாம் பழந்துணியில் தைக்கிறார்கள் என்றால் சிக்கனம் மட்டும் காரணமில்லை; அந்தத் துணி இனி மாறாது என்று அவர்களுக்குத் தெரியும். என் போர்வையிலும் பாவாடைப் பச்சை அசையவில்லை, காக்கி அசையவில்லை, அம்மாவின் மஞ்சள் அசையவில்லை. காட்டிக்கொடுத்தது கடைத் துணி மட்டும்தான்.

தம்பி மறுநாள் ஊருக்குப் போகவில்லை. தண்ணீர் பிடித்து வைக்கிற 200 லிட்டர் நீல டிரம்மைக் காலி செய்தோம். மத்தியானம் சோலாரில் வருகிற தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதை முக்கால் டிரம்முக்கு நிரப்பினோம். போர் தண்ணீர் வேண்டாம், சோப்பு நுரைக்காது என்று ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளாகப் பார்த்துச் செய்தோம். பாத்திரம் கழுவுகிற லிக்விட் நாலு ஸ்பூன். போர்வையை மடிக்காமல், அள்ளிப் போட்டு, முழுக்க மூழ்கி உலாவுகிற மாதிரி விட்டோம். சூட்டிலும் சோப்பிலும் கழன்ற சாயம் திரும்பத் துணியில் உட்காராமல் தண்ணீரிலேயே இருக்க, அத்தனை தண்ணீர் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம். தண்ணீரை மாற்றி மறுபடி. நாலாவது தண்ணீர் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் தெளிவாக இருந்தது.

வளையங்கள் போய்விட்டன. வெயிலில் காய்ந்த மேல் மடிப்பில் இருந்த 11 தடங்கள் மட்டும் வெளிறினவே தவிரப் போகவில்லை. காயப்போடாமல் ஈரத்தோடேயே இதைச் செய்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்று தம்பி சொன்னான். ஆகவே சாயம் இறங்கியதைப் பார்த்தவுடன் எது செய்தாலும், செய்யாவிட்டாலும், துணியைக் காய விடாதீர்கள். ராத்திரி ஆகிவிட்டதா, பக்கெட்டில் இன்னும் தண்ணீர் ஊற்றி அதிலேயே விடுங்கள்.

அந்த 11 சதுரத்தையும் பிரித்தெடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம் என்று தம்பி சொன்னான். நான் சம்மதிக்கவில்லை. பிரித்தால் நாலு அடுக்கின் ஓட்டுத் தையலையும் பிரிக்க வேண்டும். எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேல இன்னொந்து இலை இடு" என்றார். கறை இருக்கிற இடத்திலெல்லாம் அதன்மேல் இன்னொரு இலை. அம்மாவின் மஞ்சள் சேலையில் மீதியிருந்தது. ரோஸ் தடம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அதே சாய்வில் மஞ்சள் இலையை வைத்துத் தைத்தேன். 63 இலைப் போர்வை 74 இலைப் போர்வை ஆயிற்று. சில சதுரங்களில் இரண்டு இலை ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கிடக்கிறது. மரத்தடியில் அப்படித்தானே விழுகிறது. பார்க்கிறவர்கள் முதலில் கை வைப்பது அந்தச் சதுரங்களில்தான்.

வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் இருக்கிற சித்தி இன மக்கள் தைக்கிற 'கவந்தி' என்ற போர்வையைப் பற்றியும் அந்த அக்காதான் சொன்னார். ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் சின்ன முக்கோணத் துணிகளை மடித்துப் பூவாக வைத்தால்தான் போர்வை முடிந்ததாகக் கணக்கு. பூ இல்லாத கவந்தி துணியில்லாமல் நிற்கிறது என்பார்களாம். என் போர்வையின் நாலு மூலையிலும் அந்தப் பூவை அவரே தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பதிலுக்கு ஒரு படி ராகி கொடுத்தேன்.

கேட்கிறவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. புதுத்துணி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கடைக்காரரிடம் கேட்காதீர்கள், துணியிடம் கேளுங்கள். ஒரு துண்டை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டைக்கும் அதற்கும் நடுவில் எதுவும் இல்லாமல் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணி தயாராகவில்லை. வெட்டுவதற்கு முன்னால் மொத்தத்தையும் வெந்நீரில் சோப்புப் போட்டு, தண்ணீர் தெளிகிறவரை மாற்றி மாற்றி அலசிவிடுங்கள். எத்தனை தடவை மாற்றியும் சிவந்துகொண்டே இருந்தால் அந்தத் துணியில் தலையணை உறை தைத்துக்கொள்ளலாம், போர்வை வேண்டாம். அடர்சிவப்பு, மெரூன், கருநீலம், கறுப்பு நான்கையும் சோதிக்காமல் நம்பவே கூடாது.

பேத்தி வைகாசியில் பிறந்தாள். பிறந்த ஒன்பதாம் நாளே போர்வை முதல் தடவையாக நனைந்தது. பக்கெட்டில் போடும்போது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தண்ணீர் வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்கு நாத்தனாரும் வீட்டில் இருந்தாள். கொடியில் காயப்போட என்னோடு ஒரு முனையைப் பிடித்தாள். "நல்லாத்தான் இருக்கு அண்ணி" என்றாள். இப்போது அவளுடைய மகனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பாதாம் மரம் வருஷத்தில் இரண்டு தடவை கொட்டும். ஆடிக் காற்றோடு மறுபடி சிவக்க ஆரம்பித்திருக்கிறது. முந்தாநாள் கடைவீதியில், வேறொரு கடையில், ஒன்றரை மீட்டர் சிவப்பு வாங்கினேன். கேரண்டி என்று அவரும் சொன்னார். டிரம்மில் போட்டு இரண்டு நாள் ஆகிறது. இன்று காலை மாற்றியது ஐந்தாவது தண்ணீர். டம்ளரில் பிடித்து ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். இன்னும் லேசாக ரோஸ் இருக்கிறது. நாத்தனார் இரண்டு தடவை போன் செய்து, எப்போது வெட்ட ஆரம்பிக்கலாம் என்று கேட்டுவிட்டாள்.